சாமி தோள்ல நிக்குது

உக்காருங்க, உக்காருங்க. அந்தத் தூணுக்குப் பின்னால என்ன குசுகுசுன்னு? ஏத்தா, வெத்தலைய அப்புறம் மெல்லலாம், புள்ளைய மடியில போட்டுக்கிட்டு வாய மூடு. பேச்சு நின்னாத்தான் கதை நடக்கும். நடக்கும்னு சொல்லிட்டேனே தவிர, இதுல பெருசா ஒண்ணும் நடக்காது. மொத்தமே கால் மணி நேரம். கோயில் வாசப்படிக்கு உள்ள ஒருத்தரு நாயனத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அவரு மண்டைக்குள்ள ஓடுனதுதான் கதை. மண்டைக்குள்ள நீ எப்படிய்யா பூந்தேன்னு கேக்காதீங்க. பாதி அவரே பின்னால சொன்னது. மீதி அவரு மூஞ்சில நான் படிச்சது. எழுத்துப் படிப்பு நமக்கு வராது, மூஞ்சி நல்லா வரும்.

டைல்ஸ்கடை தனக்கோடிய உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க மூணு மாடிக் கடை, வாசல்ல பளபளன்னு கல்லு, மழை பெஞ்சா பாதி ஊரு அங்கதான் வழுக்கி வுழுவும். அவருதான் நிக்கிறாரு. திருவிழா அஞ்சாம் நாள், காலையில ஏழரை மணி. அன்னைய உபயம் அவருது. எங்க கோயில்ல ஒரு முறை உண்டு. பல்லக்கு தோளுக்கு ஏறிட்டா நாயனத்துல மல்லாரி விழணும். மல்லாரின்னா அதுல பாட்டு கெடையாது, வார்த்தை கெடையாது, சாமி கெளம்பிட்டாருன்னு ஊருக்குச் சொல்ற வாசிப்பு. அது விழுந்தாத்தான் பல்லக்கு மொத அடி எடுத்து வைக்கும். விழலைன்னா நின்ன எடத்துலயே நிக்கும். கீழ எறக்கவும் கூடாது, வாசப்படி தாண்டாம முட்டுக்கம்பு குடுக்கவும் கூடாது. எட்டுப் பேரு தோளுதான் முட்டு. அந்த மல்லாரிய இந்த வருசம் நானே வாசிக்கிறேன்னு தனக்கோடி சொல்லி, பிளெக்ஸ் அடிச்சு, நாலு வீதியிலயும் கட்டியாச்சு. பிளெக்ஸ்ல நாயனத்தைத் தலைகீழா புடிச்சிருந்தாரு, அது போட்டோ எடுத்தவன் தப்பாம். இப்ப பல்லக்கு ஏறியாச்சு. தவில்காரரு ராமபத்ரன் படபடன்னு ஆரம்பத்தைக் கொட்டி, கடைசி அடிய அடிச்சு, குச்சிய மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டுத் திரும்பிப் பாக்குறாரு. உங்க முறை, ஊதுங்கன்னு அர்த்தம்.

ஊதுனாரு. ஸ்ஸ்ஸ்ஸ்னு வந்துச்சு. சைக்கிள் டியூப்புல முள்ளு குத்துனா வருமே, அது. காத்து போவுது, சத்தம் வரல. என்னடா இது, காலையில வீட்டுல வந்துச்சே, கண்ணாடி முன்னாடி நின்னு ஊதுனப்ப பீங்குன்னு ஒண்ணு வந்துச்சே, வீட்டுக்காரி பூங்கோதை கூட அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்தாளே, பால்காரன் ஹாரன் அடிக்கிறான்னு நெனச்சேங்கன்னாளே. வாய் காஞ்சு போச்சு, அதான். நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. தண்ணி கேக்கலாமா, கேட்டா பயந்துட்டாருன்னு சொல்லுவானுங்க. சீவாளி ஈரம் பத்தல போல. சீவாளின்னா அந்த நாணல் தட்டையில செஞ்சு, நாயனத்து நுனியில சொருவிக்கிறது, அதை ஒதட்டுல வச்சுத்தான் ஊதணும். அதை எச்சிப் பண்ணி எச்சிப் பண்ணி ஊற வைக்கணும். எச்சிக்கு எங்க போறது இப்ப? நாக்கை நீட்டி அதைத் தடவுனாரு. கிராம்பு வாசனை. நான் கிராம்பே போடுறதில்லையே. ஏலக்காதான். என் வாய்க்குள்ள எவன் வாயோ இருக்குற மாதிரி என்னமோ ஒரு அருவருப்பு, அருவருப்புன்னும் சொல்ல முடியல, யாரோ வீட்டுக்குத் தெரியாம போயி அவங்க பாயில படுத்துட்ட மாதிரி ஒரு கூச்சம். கிராம்பு. எங்கயோ மோந்திருக்கேன். ரூமுல. ஏசி ரூமுல. கதவைத் தொறந்தா மொகத்துல வந்து அடிக்குமே. பின்னால அந்த ஒத்து மட்டும் நிறுத்தாம போயிக்கிட்டு இருந்துச்சு, பாஆஆம்ம்ம்னு, ஒரே சத்தம், ஏத்தமில்ல எறக்கமில்ல. ஒத்துன்னா அதுவும் நாயனம் மாதிரிதான் இருக்கும், ஆனா வெரலு வைக்க வேலை கெடையாது, ஒரே சுரம்தான், அதை மூச்சு வுடாம ஊதிக்கிட்டே நிக்கணும். மாசிலாமணி ஊதுறான். கன்னம் ரெண்டும் பணியாரமா உப்பி, கண்ணு எங்கயோ கோபுரத்துல ஒக்காந்த புறாவைப் பாத்துக்கிட்டு. பல்லக்கை ஜோடிக்க ஆரம்பிச்சதுலேருந்து ஊதுறான். அரை மணி நேரம். நடுவுல ஒரு எடத்துல கூட அறுக்கல. இவனுக்கு எச்சி எங்கேருந்து வருது?

எல்லாரும் பாக்குறாங்க. பாக்கட்டும். போன வருசம் நான் இதே தூணுகிட்டதான் நின்னேன், எவனும் என்னைப் பாக்கல. செல்போன்ல எவனோ சரக்கு வரலைன்னு கத்திக்கிட்டு இருந்தான், நானும் அவனைப் பதிலுக்குத் திட்டிக்கிட்டு இருந்தேன், அப்ப வாத்தியாரு குஞ்சிதபாதம் மல்லாரிய எடுத்தாரு. எடுத்தாருன்னா, அது எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல, தரைக்கு அடியிலேருந்து வந்த மாதிரி, காலு வழியா ஏறுச்சு. கையில போனு கத்துது. நான் அழுவுறேன். அம்மா செத்தன்னைக்கு அழல நான், பந்தக்காரனுக்குப் பணம் எடுத்துக் குடுத்துக்கிட்டு நின்னேன், கல்லு கல்லுன்னு சொந்தக்காரன் பூரா சொன்னான். இங்க நின்னு அழுவுறேன், மூக்கு ஒழுவுது, தொடைக்கத் துண்டு இல்ல. அது என்னது? அது எங்க விக்குது? அப்படித்தான் நெனச்சேன், தப்பா நெனச்சேனா, எனக்கு வேற எப்படி நெனைக்கத் தெரியும்? புடிச்ச சாமானைப் பாத்தா எங்க கெடைக்கும்னுதானே கேப்பேன். அது உள்ள வேணும் எனக்கு. கேக்குறது இல்ல, உள்ளேருந்து வரணும். என் மூச்சுல வரணும்.

"அண்ணே, பதறாதீங்க. ஒதட்டைத் தளர்த்துங்க." வாத்தியாரு காதுக்கிட்ட வந்து சொன்னாரு. முப்பத்தோரு வயசுப் புள்ள, தனக்கோடி மவன் வயசு, வேட்டி விளிம்புல கூட அழுக்கு இருக்காது. கையில தாளம் மட்டும்தான் இருக்கு. அவரு நாயனத்தோட நிக்கக் கூடாதுன்னு சொன்னதே தனக்கோடிதான். பக்கத்துல நீங்க நாயனத்தோட நின்னா நீங்கதான் வாசிச்சீங்கன்னு ஊரு சொல்லும் வாத்தியாரே, சும்மா தாளத்தைத் தட்டிக்கிட்டு நில்லுங்கன்னு. சொன்னோம். அப்ப வீராப்பு. இப்ப அந்தத் தாளத்து ஜிங்குச் சத்தம் ஒவ்வொண்ணும் பல்லுல அடிக்குது. இந்த ஆளு மொத நாளு என்ன சொன்னாரு? "அண்ணே, ஆறு மாசம் ச மட்டும் ஊதுங்க. காலையில ஒரு மணி நேரம். வேற எதுவும் வேணாம்." ஆறு மாசமா! ஒரே எழுத்தையா! நான் சிரிச்சேன். வாத்தியாரே, நான் கட்டடமே ஆறு மாசத்துல கட்டுவேன். ச நல்லாத்தான் இருக்கு, ஆனா நேரா மல்லாரிக்குப் போயிடலாமே, என்ன செலவானாலும் பாத்துக்கலாம்னேன். அவரு தலையச் சொறிஞ்சாரு. அப்புறம் சரின்னாரு. ஏன் சரின்னாரு? அவரு வீட்டுக் கூரைக்கு நான் ஓடு எறக்கிக் குடுத்த வாரம் அது. சரின்னு சொல்லாம என்ன சொல்லுவாரு? என்கிட்ட எவன் மாட்டேன்னு சொல்லியிருக்கான்? அதுதான், அதுதான் வினை, ஒருத்தனாவது அன்னைக்குப் போய்யா வேலையப் பாத்துக்கிட்டுன்னு சொல்லியிருந்தா இன்னைக்கு நான் தூணுக்குப் பின்னால நின்னு நிம்மதியா அழுதிருப்பேன்.

நாயனம் பழைய வீட்டு உத்தரத்து மரத்துல கடைஞ்சது. ஊதுனா ஊரு கேக்கும்னு செஞ்சவன் சொன்னான். ஊரு கேக்குது, ஸ்ஸ்ஸ்ங்குது. மாடியில தனி ரூமு. சுவத்துக்கு மெத்தை ஒட்டி, ஏசி போட்டு, கதவைச் சாத்துனா இடி இடிச்சாலும் வெளிய கேக்காது. அதுல நான் எத்தினி நாளு உக்காந்தேன்? பூங்கோதைகிட்ட கேட்டா கணக்கா சொல்லுவா, அவ ஞாபகத்துல எதுவும் அழியாது. திங்கக்கெழமை கடைக்குச் சரக்கு வரும். செவ்வாக்கெழமை ஆடிட்டரு. புதனு கல்யாணம், வியாழன் சாவு, வெள்ளிக்கெழமை கழுத்துச் சுளுக்கு. நடக்குற மெஷினு வாங்குனேனே, அதுல இப்ப ஈரத்துணி காயுது. அந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் ரூமுக்கு மெத்தையே ஒட்டுனேன். ஆறு சீவாளி. எல்லாத்துக்கும் வெள்ளிச் சங்கிலி. புதுச் சீவாளி சத்தியமா சத்தம் குடுக்காது அண்ணே, தெனம் ஊதி ஊதி உங்க வாய்க்குப் பழக்கணும்னு வாத்தியாரு சொன்னாரா? சொன்னாரு. எனக்கு அதுக்கு நேரம் ஏது? ஒதடு வேற வெடிக்குது. அப்பத்தான் இந்த யோசனை வந்துச்சு. பெரிய யோசனை. கடையில டைல்ஸ் எறக்க ஆளு போடுற மாதிரி. மாசிலாமணியக் கூப்புட்டேன். ஏய், நீதான் வெறுமனே ஒத்து ஊதிக்கிட்டுக் கெடக்குறல்ல, தெனம் காலையில வந்து என் ரூமுல உக்காந்து இந்த ஆறையும் ஊதிப் பழக்கிக் குடு, தெனக்கூலி தர்றேன்னேன். அவன் பேசல. அவன் எப்ப பேசுனான்? இருவத்திரெண்டு வருசமா அவன் வாயில அந்தக் குழலுதான் இருக்கு, பேசறதுக்கு வாய் ஏது. தலைய ஆட்டுனான். சீவாளிய மட்டும் தனியா ஊதிப் பழக்க முடியாதுல்ல, நாயனத்துல மாட்டித்தான் ஊதணும். நாயனத்தையும் குடுத்தேன். கிராம்பு. அவன்தான் கிராம்பு போடுவான். எப்பவும் கடைவாய்ல ஒண்ணு. சரி, அதான் வாசனை. அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு? ஆனா என்னமோ இருக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் என்னமோ. ஒரு நாளு மாடிப்படியில ஏறிப் போனேனே, கதவு சரியா சாத்தல...

"மொதலாளி." கலியமூர்த்தி. பல்லக்கு முன்கம்பு புடிச்சவன். கழுத்து நரம்பு வெரலு தண்டிக்கு நிக்குது. "தோளு எறங்குது மொதலாளி. பின்னால பக்கிரிக்கு முட்டி ஆடுது."

"இந்தா, இந்தா, ஒரு நிமிசம்." ஒதட்டைத் தளர்த்துன்னாரு வாத்தியாரு. தளர்த்துறேன். எவ்வளவு தளர்த்தணும், இப்ப ஒதடு இருக்குற எடமே தெரியலையே. மூச்சை இழுத்து, வயித்துலேருந்து, வயித்துலேருந்துதானே, ஊதுனாரு பாருங்க ரெண்டாந்தடவை. குவ்வ்வ்வீக்! கன்னுக்குட்டி வாலை எவனோ மிதிச்சாப்புல. கோபுரத்துப் புறா பூரா பறந்துருச்சு. நான் பொய் சொல்லல, ஒண்ணு மிச்சமில்லாம பறந்துருச்சு. அப்புறம் பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு களுக். அது பரவி, பரவி, கொடிமரம் வரைக்கும் போயி, மறுபடி திரும்பி வந்துச்சு. "வாழ்க!"ன்னான் எவனோ ஒரு சண்டாளன். தனக்கோடி மூஞ்சி செங்கல்லாட்டம் ஆயிருச்சு. பூங்கோதை போனைத் தூக்கிப் புடிச்சு வீடியோ எடுத்துக்கிட்டு நின்னவ, மெதுவா போனைக் கீழ எறக்கிட்டா. அதைப் பாத்தாரு. சிரிச்சவனையெல்லாம் வுட்டுட்டு அதை மட்டும் பாத்தாரு. ஏன் எறக்குன? எடு. நாளைக்கு வேணும்னா அழிச்சுக்கலாம், இப்ப எறக்காத, எறக்குனா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். குருக்களு உள்ளேருந்து எட்டிப் பாத்து, "என்ன தனக்கோடி, போலாமோன்னோ? சுவாமி நின்னுண்டிருக்காரே"ன்னாரு. நிக்கிறாரு, தெரியுது சாமி, எனக்குத்தான் தெரியுது, எல்லாரையும் விட எனக்குத்தான் தெரியுது எட்டுப் பேரு தோளு மேல நிக்கிறாருன்னு.

டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். நெஞ்சுதான். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். டைல்ஸ் ஒட்டி முடிச்ச வீட்டுக்குப் போயி, ஒரு ரூவாக் காசை எடுத்து ஒவ்வொரு கல்லா தட்டிப் பாப்பேன். ஒழுங்கா ஒட்டுன கல்லு ணங்குன்னு சொல்லும். உள்ள வெறுமையா இருந்தா டொக்கு டொக்குங்கும். கொத்தனாரைக் கூப்புட்டு நானே வைவேன். ஏன்டா, கல்லைத் தொட்டியில ஊறப் போடச் சொன்னேனா இல்லையா? ராத்திரி பூரா ஊறணும்டா, ஊறாத கல்லு சிமெண்டுத் தண்ணிய அதே குடிச்சுப்புடும், அப்புறம் எப்படிடா புடிக்கும்? எவ்வளவு ஒசத்திக் கல்லா இருந்தா என்னடா? சொல்லுவேன். எத்தினி தடவை சொல்லியிருக்கேன், தொண்டை கட்ட. எத்தினி கொத்தனாரு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுருக்கானுங்க என் முன்னாடி. இப்ப எவனாவது ஒரு ரூவாக் காசை எடுத்து என் நெஞ்சுல தட்டுனான்னா. டொக்கு. டொக்கு. ஊறப் போடாத கல்லு. ஊறப் போட ஆளு வச்சேன்ல? ஆளு ஊறுனான். கல்லு ஊறல. அட, ஆமா. நான் சம்பளம் குடுத்து அவனைத்தானே ஊறப் போட்டிருக்கேன்.

கதவு சரியா சாத்தல அன்னைக்கு. தை மாசம். மாடிப்படி பாதி ஏறுனப்பவே கேட்டுச்சு. மல்லாரி. அதே மல்லாரி, போன வருசம் காலு வழியா ஏறுனது. நான் படியிலயே நின்னுட்டேன். வாத்தியாரு செல்போன்ல ரெக்கார்டு பண்ணிக் குடுத்தாரே, அதைப் போட்டு வுட்டிருக்கான் போலருக்கு, வேலையப் பாக்காம பாட்டுக் கேக்குறான் பயன்னு நெனச்சேன். கதவைத் தள்ளுனேன். சத்தம் பட்டுன்னு நின்னுச்சு. மாசிலாமணி எந்திரிச்சு நின்னான், கையில நாயனம், ஒதட்டுல ஈரம். என்னடா ரெக்கார்டு கேக்குறியான்னேன். அவன் தரையப் பாத்தான். நல்லா கேளு, ஆனா வேலையும் நடக்கணும்னுட்டுக் கீழ வந்துட்டேன். அப்புறம் போனு அடிச்சுச்சு. எங்க அடிச்சுச்சு? என் சட்டைப் பையில. ரெக்கார்டு இருந்த போனு என் பையிலதான் இருந்துச்சு. என் பையிலல்ல இருந்துச்சு! நாலு மாசமா இது என் மண்டைக்குள்ளயே கெடந்திருக்கு, கல்லுக்குள்ள போன தேரை மாதிரி, இப்பத்தான் கத்துது. தெரியாதான்னா, தெரியும். அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுக்க மனசு வரல. ஒத்து ஊதுறவன், என் கூலிக்காரன், என் மெத்தை ஒட்டுன ரூமுல. தெனம் காலையில நாலரை மணிக்கு வாட்ச்மேன் கதவைத் தொறந்து வுடுவானாம், ஏழு மணிக்குத்தான் இவன் போவானாம். நான் ஒரு மணி நேரத்துக்குத்தானே கூலி பேசுனேன். மீதி நேரம்? மீதி நேரம் யாருக்காவ ஊதுனான்? இருவத்திரெண்டு வருசமா ஒரே சுரத்தை ஊதுறவன் வெரலுக்கு ஓட்டை கெடைச்சதும் என்னா பாடு பட்டிருக்கும்.

"அண்ணே, எங்கிட்ட குடுங்க." வாத்தியாரு தாளத்தை இடுப்புல சொருவிக்கிட்டுக் கையை நீட்டுனாரு. மெதுவாத்தான் சொன்னாரு, யாருக்கும் கேக்காத மாதிரி, மானத்தைக் காப்பாத்துற மாதிரி. அவரு கையில குடுத்தா முடிஞ்சுது. மொதலாளிக்கு ஒடம்பு சரியில்ல, வாத்தியாரு வாசிச்சாருன்னு ஆயிரும். மைக்குல கூட அப்படியே சொல்லச் சொல்லலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. சிரிச்சவன் கூட நாளைக்குக் கடைக்கு வந்து கல்லு வாங்குவான். கை போச்சு வாத்தியாரு பக்கம். பாதி வழியில நின்னுருச்சு. பக்கிரி முட்டி ஆடுது, பல்லக்கு ஒரு பக்கமா சாயுது, சாமி தலையில இருந்த மாலை நழுவித் தோளுக்கு வருது, குருக்களு சிவ சிவாங்குறாரு. பாஆஆம்ம்ம். பின்னால அது மட்டும் நிக்கல. எல்லாச் சத்தமும் செத்த எடத்துல அது ஒண்ணு போயிக்கிட்டே இருக்கு, சாயுற பல்லக்கைக் கீழ வுழாம புடிச்சிருக்குறதே அந்தச் சத்தம்தான்னு தனக்கோடிக்கு ஒரு கிறுக்கு நெனப்பு. திரும்புனாரு. நாயனத்தை அப்படியே கொண்டு போயி மாசிலாமணி நெஞ்சுக்கு நேரா நீட்டுனாரு.

மாசிலாமணி கண்ணு கோபுரத்துலேருந்து எறங்குச்சு. வாத்தியாரைப் பாத்தான். வாத்தியாரு தனக்கோடியப் பாத்தாரு. தவில்காரரு தூக்குன குச்சியோட வாயைத் தொறந்துக்கிட்டு நின்னாரு.

"புடிய்யா. ஊறுனது நீதான், புடி."

வாங்கிக்கிட்டான். வாங்குன கையோட ஒத்தை இவரு கையில வச்சுட்டான், வேற எங்க வைப்பான், தரையிலயா வைப்பான்? ஒத்து நின்ன மறுநொடி, அய்யோ, அந்த அமைதி. பொறந்ததுலேருந்து கேட்டுக்கிட்டு இருந்த சத்தம் நின்ன மாதிரி காது ரெண்டும் வலிச்சுச்சு. அந்த அமைதிக்குள்ள மாசிலாமணி சீவாளிய ஒரே ஒரு தடவை நாக்கால தொட்டான். அவ்வளவுதான். எடுத்தான்.

எடுத்ததுமே பல்லக்கு நிமிந்துச்சு. பக்கிரி முட்டி நின்னுச்சு. ராமபத்ரன் குச்சி எப்ப வுழுந்துச்சுன்னு ராமபத்ரனுக்கே தெரியாது. சிரிச்ச கூட்டம் கன்னத்துல போட்டுக்கிச்சு. கலியமூர்த்தி "ஹரஹர"ன்னு ஒரு குரலு வுட்டான் பாருங்க, எட்டுக் காலும் ஒரே காலா முன்ன வந்துச்சு. வாத்தியாரு தாளத்தைத் தட்ட மறந்து நின்னு, அப்புறம் ஞாபகம் வந்து தட்டுனாரு. தனக்கோடிக்கு இதெல்லாம் பாதிதான் தெரிஞ்சுது. ஏன்னா தரைக்கு அடியிலேருந்து அது வந்துருச்சு, காலு வழியா. மறுபடி. அதே. என்னோடது, என் நாயனம், என் சீவாளி, எனக்கு வரல, அவனுக்கு வருது, வரட்டும், வயிறு எரியுது, எரியட்டும், கண்ணு ஒழுவுது, ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி நடக்குது? "அண்ணே, ஒத்து! ஒத்து இல்லாம போவுது. எங்கிட்டயாவது குடுங்க, இல்ல நீங்களாவது ஊதுங்க." வாத்தியாரு கத்துறாரு. குடுக்க மாட்டேன். இதையாவது நான். வாயில வச்சாரு. மாசிலாமணி வாயில ரெண்டு மாசமா ஊறிக் கெடந்த சீவாளி அது, வெதுவெதுன்னு, கிராம்போட, பச்சப்புள்ள ஊதுனாக் கூட கத்தும். பாஆம். வந்துருச்சு! வந்ததும் மூச்சு தீந்து போச்சு. இழுத்தாரு. பாஆம். நிறுத்துனாரு. பாஆம். பழைய லாரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி. ஆறு மாசம் ஊதச் சொன்னாருல்ல வாத்தியாரு, அந்த ஒத்தை எழுத்து, அது இப்ப வாசப்படியிலேருந்து தெற்கு வீதி முடியிற வரைக்கும் அவரு கழுத்துல மாட்டிக்கிச்சு. மாசிலாமணி எப்படி அறுக்காம ஊதுறான், மூக்கால இழுத்து கன்னத்துல தேக்கி வாயால வுடணும்னு சொன்னாங்களே, தேக்குனா மூக்கால வருதே, வுட்டா காதால போவுதே. சந்துல நின்ன புள்ளைங்க அவரைப் பாத்து பாம் பாம்னு ஊதிக் காட்டுச்சுங்க. பூங்கோதை கூடவே நடந்து வந்தா. மறுபடி போனைத் தூக்கியிருந்தா. யாரை எடுத்தான்னு தெரியல.

தெற்கு வீதி முக்குல மொத மண்டகப்படி. முட்டுக்கம்பு குடுத்து பல்லக்கை நிறுத்துனாங்க. பக்கிரி தரையில உக்காந்து முட்டிய நீவிக்கிட்டான். தனக்கோடிக்கு ஒதடு வெடிச்சு ரத்தம் கசிஞ்சு, கழுத்து வரைக்கும் வேர்வை, உபயகாரரு பட்டுத்துண்டு அடையாளமே தெரியல. கூட்டம் மாசிலாமணிய மொய்ச்சுக்கிச்சு. வாத்தியாரு அவன் தோளைத் தட்டிக் குடுத்தாரு. மாசிலாமணி கூட்டத்தை வெலக்கிக்கிட்டு நேரா இவருகிட்ட வந்து, நாயனத்தைத் துண்டால தொடச்சு ரெண்டு கையாலயும் நீட்டுனான். இவரு வாங்கல. மூச்சு வாங்குது. கோவமா, சிரிப்பா, அழுகையா, எனக்கே புடிபடல, பக்கத்துலதான் நின்னேன்.

"ஏன்யா மாசிலாமணி. நாயனம் என்னுது. சீவாளி என்னுது. ரூமு என்னுது, மெத்தை என்னுது, ஏசிக்கு கரண்டு பில்லு கூட நான்தான் கட்டுறேன். மல்லாரி மட்டும் எப்படிய்யா உன்னுதாச்சு?"

மாசிலாமணி பேசுவான்னு ஒருத்தனுக்கும் நம்பிக்கை இல்ல. அவன் கடைவாய் கிராம்பை இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு, இவரு கையில தொங்குன ஒத்தை மெதுவா வாங்கி, அதுல ஒட்டியிருந்த ரத்தத்தைத் தொடச்சான்.

"தெனம் ஊதுறதை மட்டுந்தான மொதலாளி நீங்க செய்யாம, என்னைச் செய்யச் சொன்னீங்க."